“அட்வைஸ்” படுத்தும் பாடு

ராஜாவின் முடியையே இறக்கிய சொல்

பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர். மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. கடிதம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது.

பேரனைக் கூப்பிட்டார்.

“என்னடா எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு.”

பேரன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவன். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“யூ ஆர் அட்வைஸ்டுன்னு போட்டிருக்கு தாத்தா. நவம்பர் மாசத்துல ஏதோ சர்டிபிகேட் கொடுக்கணுமாம். உங்களுக்கு அட்வைஸ் பண்ணியிருக்காங்க.”

“எனக்கா? எழுபத்திரண்டு வயசுல எனக்கு அட்வைஸ் சொல்ல வந்துட்டாங்களா? அதை அந்தக் கம்பியிலே குத்தி வை.”

கடிதம் கம்பிக்குப் போயிற்று. நவம்பர் மாதமும் போயிற்று. டிசம்பர் மாதப் பென்ஷன் வரவில்லை.

இந்தப் பெரியவர் கற்பனை மனிதர். ஆனால் அந்த மாதிரிக் கடிதம் கற்பனை அல்ல. மத்திய அரசில் பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றை ஆண்டுதோறும் நவம்பர் மாதம் கொடுக்க வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் மாதத்திலேயே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால், சான்று வந்து சேரும்வரை பென்ஷன் நின்றுவிடும்.

அப்படியானால் “அட்வைஸ்” என்று ஏன் எழுதினார்கள்? “கொடு” என்றே எழுதியிருக்கலாமே!

அங்கேதான் இருக்கிறது இந்தச் சொல்லின் வேடிக்கை. நம் வீடுகளில் “அட்வைஸ்” என்றால் புத்திமதி. கேட்டாலும் கேட்கலாம், இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாலும் விடலாம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் பல முகங்கள் உண்டு. ஓர் இடத்தில் அது வெறும் அபிப்பிராயம். ஓர் இடத்தில் செய்தி. இன்னோர் இடத்தில் கட்டளை!

கண்ணில் பிறந்த சொல்

இந்தச் சொல் இங்கிலாந்தில் பிறந்தது அல்ல. பிரான்சு நாட்டில் இருந்து போனது.

1066ஆம் ஆண்டில் பிரான்சின் வடபகுதியான நார்மண்டியில் இருந்து வில்லியம் என்ற பிரபு படையோடு போய் இங்கிலாந்தைப் பிடித்தார். அதன் பிறகு அங்கே அரண்மனையில் பிரெஞ்சு, கோர்ட்டில் பிரெஞ்சு, பெரிய மனிதர் வீடுகளில் பிரெஞ்சு. பல நூறு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. அவற்றில் ஒன்று “அவி”.

பழைய பிரெஞ்சு மொழியில் ஒருவர் தம் கருத்தைச் சொல்லும்போது, “எனக்கு இப்படித் தோன்றுகிறது” என்று பணிவாகத் தொடங்குவார். அந்தத் தொடரில் இருந்து உதிர்ந்து விழுந்த துண்டுதான் “அவி”. அதற்கும் மூலம் லத்தீன் மொழி. லத்தீனில் அது “பார்த்தல்” என்ற சொல்லோடு சேர்ந்தது. கண்ணுக்குப் படுவது, அதனால் மனசுக்குத் தோன்றுவது.

அதே லத்தீன் வேரில் இருந்து வந்த பிள்ளைகள் நம் வீட்டிலேயே பல உண்டு. டெலிவிஷன், வீடியோ, விசா எல்லாம் அந்தக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு முன் நடத்துகிறார்களே “ரிவிஷன்”, அதுவும் அந்தக் குடும்பமே. திரும்பவும் பார்ப்பது என்று அர்த்தம். மில்லில் மேலே நின்று பார்க்கிற சூப்பர்வைசரும் அட்வைசுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்தான்.

ஆக, ஆதியில் இந்தச் சொல்லில் அதிகாரம் கிடையாது. விரலை நீட்டி மிரட்டுவது கிடையாது. “எனக்குப் பட்டதைச் சொன்னேன்” என்பதோடு சரி. இன்று வீட்டுக்கு வந்த உறவினர் முக்கால் மணி நேரம் அட்வைஸ் செய்துவிட்டுப் போகிறார் என்றால், அது அந்தச் சொல்லின் குற்றம் அல்ல!

“அவி” என்பதில் “ட்” எப்படி வந்தது? லத்தீன் படித்த எழுத்தர்கள் செய்த வேலை அது. லத்தீனில் இப்படி இருந்திருக்கும் என்று நினைத்து, நடுவில் “டி” என்ற எழுத்தைச் செருகினார்கள். செருகியது நிலைத்துவிட்டது.

ஒரு துண்டு அட்வைஸ்

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளை இந்தச் சொல் இரண்டு இடங்களில் இடறி விடுகிறது.

முதல் இடம், எழுத்து. பெயர்ச்சொல்லாக வரும்போது கடைசியில் “சி” என்ற எழுத்து வரும். வினைச்சொல்லாக வரும்போது “எஸ்” வரும். உச்சரிப்பும் மாறும். பெயர்ச்சொல்லின் முடிவு “பஸ்” என்பதில் வரும் ஓசை. வினைச்சொல்லின் முடிவு வண்டு பறக்கும்போது எழும் ஓசை. அந்த ஓசைக்குத் தமிழில் எழுத்து இல்லை. ஆகவே நாம் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். பேச்சில் பாதகம் இல்லை. பரீட்சைத் தாளில் மார்க்கு போகும்.

இரண்டாவது இடம், எண்ணிக்கை. “ஓர் அட்வைஸ், இரண்டு அட்வைஸ்” என்று ஆங்கிலத்தில் எண்ணக் கூடாது. தண்ணீரை எண்ண முடியுமா? அந்த மாதிரி. எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் “ஒரு துண்டு அட்வைஸ்” என்று சொல்ல வேண்டும். ரொட்டியைப் போல!

ஆனால் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டினால் “அட்வைசஸ்” என்று பன்மையில் இருக்கும். அது பிழை அல்ல. அங்கே அதற்கு அர்த்தமே வேறு. வெளியூரில் இருந்து வந்த செய்திகள் என்று பொருள். தந்தி இல்லாத காலம் அது. கப்பல் வந்தால்தான் கடிதம் வரும், கடிதம் வந்தால்தான் செய்தி தெரியும். அப்படி வந்த செய்திகளுக்கு “அட்வைசஸ்” என்று பெயர்.

செய்தி கொண்டு போவதற்கென்றே சின்னஞ்சிறு வேகக் கப்பல்கள் இருந்தன. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கடற்படை அவற்றை வைத்திருந்தது. அந்தக் கப்பலுக்குப் பெயர் “அட்வைஸ் போட்”. அது யாருக்கும் புத்திமதி சொல்லப் போகவில்லை. எதிரியின் கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துவிட்டு வந்து சொல்லும். பார்ப்பது, சொல்வது. பழைய பிரெஞ்சு அர்த்தம் அப்படியே கடலில் மிதந்தது.

பாங்கியில் அட்வைஸ்

அந்தச் “செய்தி” என்ற அர்த்தம் இன்றும் செத்துப் போகவில்லை. பாங்கியில் உயிரோடு இருக்கிறது.

உங்கள் கணக்கில் பணம் வரவானால் பாங்கி தரும் சீட்டுக்கு “கிரெடிட் அட்வைஸ்” என்று பெயர். பணம் எடுக்கப்பட்டால் “டெபிட் அட்வைஸ்”. ஒரு கம்பெனி உங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டு, எந்தக் கணக்குக்கு எவ்வளவு என்று எழுதி அனுப்புவது “பேமெண்ட் அட்வைஸ்”. இந்தச் சீட்டுகளில் புத்திமதி எதுவும் இருக்காது. “சிக்கனமாக இரு” என்று எந்தப் பாங்கியும் எழுதுவதில்லை. “இது நடந்தது, தெரிந்துகொள்” என்பதுதான் பொருள். ஆகவே டெபிட் அட்வைஸ் வந்தால் அதைக் கிழித்துப் போடக் கூடாது. நாம் எடுக்காத பணம் எடுக்கப்பட்டதாக அதில் இருந்தால், உடனே பாங்கிக்கு ஓட வேண்டும்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இந்தச் சொல் இன்னும் நெருங்கிய பழக்கம். வெளிநாட்டு வியாபாரி ஒருவர் சரக்குக் கேட்கிறார். முன்பின் தெரியாதவரை நம்பி எப்படிச் சரக்கு அனுப்புவது? அதற்காக அவருடைய பாங்கி ஒரு கடிதம் கொடுக்கும். சரியான தஸ்தாவேஜுகளைக் கொடுத்தால் நான் பணம் தருகிறேன் என்ற உறுதிக் கடிதம் அது. அந்தக் கடிதம் உள்ளூர்ப் பாங்கி ஒன்றின் வழியாக வரும். அந்த உள்ளூர்ப் பாங்கிக்கு “அட்வைசிங் பாங்க்” என்று பெயர்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் இங்கேதான் ஏமாறுவார். நம் ஊர்ப் பாங்கி “அட்வைஸ்” செய்துவிட்டதே, இனிப் பணத்துக்குப் பயமில்லை என்று நினைப்பார். அந்தப் பாங்கி செய்தது செய்தி சொன்னது மட்டும். கடிதம் பார்வைக்கு உண்மையானதுதான் என்று சரிபார்த்துக் கையில் கொடுத்தது. பணம் தருவதாக அது வாக்குக் கொடுக்கவில்லை. நம் ஊர்ப் பாங்கியும் பணத்துக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்றால், அது “கன்பர்ம்” செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. 2007ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச பாங்கி விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது.

ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் உள்ள தூரம் ஒரு லோடு சரக்கின் விலை!

டாக்டர் எழுதும் மூன்று எழுத்து

டாக்டர் கொடுக்கும் மருந்துச் சீட்டைப் பாருங்கள். மருந்துப் பெயர்களுக்குக் கீழே சில சமயம் “ஏ, டி, வி” என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அட்வைஸ் என்பதன் சுருக்கம் அது. அதற்குப் பக்கத்தில் “எக்ஸ்ரே” என்றோ, “ரத்தப் பரிசோதனை” என்றோ எழுதியிருப்பார். அதைச் செய்துகொண்டு வா என்று அர்த்தம். சிலர் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

(வக்கீல் வீட்டுப் பெயர்ப்பலகையிலும் அதே மூன்று எழுத்து இருக்கும். அது “அட்வகேட்”. குழம்பிவிட வேண்டாம்.)

ஆஸ்பத்திரியில் இந்தச் சொல்லை இன்னொரு தாளிலும் பார்க்கலாம். உள்ளே படுத்திருக்கும் நோயாளியை, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும், குடும்பத்தார் அழைத்துப் போக விரும்புகிறார்கள். பணம் போதவில்லை, அல்லது சொந்த ஊருக்குப் போக வேண்டும், அல்லது வேறு ஆஸ்பத்திரி. அப்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். “மருத்துவ அட்வைசுக்கு மாறாகப் போகிறோம்” என்று அதில் இருக்கும்.

இங்கே அட்வைஸ் என்பது கட்டளை அல்ல. சுயநினைவோடு இருக்கும் நோயாளியை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைக்க டாக்டருக்கு உரிமை கிடையாது. ஆனால் அது வெறும் அபிப்பிராயமும் அல்ல. போனால் என்ன நேரும் என்று சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள், அப்படியும் போனார்கள் என்பதற்கு அந்தத் தாள் சாட்சி. கையெழுத்துப் போடும் முன் “போனால் என்ன ஆகும்?” என்று டாக்டரிடம் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால் சொல்ல வேண்டியது அவர் கடமை. அவசரத்தில், அழுகையில், அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

முடி இறக்கிய ராஜா

கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம் என்ற சொல், ராஜாவின் வீட்டில் மட்டும் தலைகீழாக மாறிவிட்டது.

இங்கிலாந்தில் ராஜா உண்டு. ஆனால் ஆட்சி செய்வது மந்திரிகள். மந்திரிகள் ராஜாவுக்கு “அட்வைஸ்” செய்வார்கள். ராஜா அதன்படி கையெழுத்துப் போடுவார். பார்ப்பதற்கு ராஜாவிடம் யோசனை சொல்வது போல இருக்கும். உண்மையில் அது தீர்மானம். ராஜாவால் மறுக்க முடியாது. மறுத்தால் மந்திரிசபை ராஜினாமாச் செய்யும். ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை மூளும். 1649ஆம் ஆண்டில் அப்படி ஒரு சண்டை, சார்லஸ் ராஜாவின் தலையை வெட்டுவதில் முடிந்தது. அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

1936ஆம் ஆண்டு ஜனவரி மாதம் எட்டாம் எட்வர்டு ராஜா பட்டத்துக்கு வந்தார். வயது 41. கல்யாணம் ஆகாதவர். வாலிஸ் சிம்ப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணியை அவர் விரும்பினார். அந்த அம்மாள் ஏற்கெனவே ஒரு முறை விவாகரத்து ஆனவர். இரண்டாவது கணவரிடம் இருந்தும் விவாகரத்துக் கோரிக் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார்.

நவம்பர் மாதம் ராஜா, பிரதம மந்திரி பால்டுவினைக் கூப்பிட்டு, “அவளைத்தான் மணப்பேன்” என்ற முடிவைத் தெரிவித்தார். ஜனங்கள் அந்த அம்மாளை ராணியாக ஏற்கமாட்டார்கள் என்பது பால்டுவினின் பதில்.

ராஜா ஒரு வழி கண்டுபிடித்தார். கல்யாணம் செய்துகொள்வது, ஆனால் அந்த அம்மாளுக்கு ராணிப் பட்டம் வேண்டாம். இதற்குச் சம்மதமா என்று மந்திரிசபையைக் கேட்கச் சொன்னார்.

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். சும்மா பேசிக்கொண்டிருந்தவரை அது இரண்டு மனிதர்களின் பேச்சு. முறைப்படி கேட்டுவிட்டால், முறைப்படி பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பெயர் அட்வைஸ். வந்துவிட்டால் ராஜா அதற்குக் கட்டுப்பட வேண்டும்!

மந்திரிசபை கூடியது. முடியாது என்றது. கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்கும் அவரே ராஜா. அந்த நாடுகளின் பிரதமர்களும் ஒப்பவில்லை. டிசம்பர் 2ஆம் தேதி பால்டுவின் அரண்மனைக்குப் போய்ச் சொல்லிவிட்டார்.

ராஜாவுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. அந்த அம்மாளை மறப்பது. மந்திரிகளை மீறி மணப்பது. பட்டத்தை விடுவது. டிசம்பர் 10ஆம் தேதி பட்டத்தைத் துறந்து கையெழுத்துப் போட்டார். மறுநாள் அவர் ராஜா இல்லை. அவருடைய தம்பி ஆறாம் ஜார்ஜ் என்ற பெயரில் ராஜா ஆனார். 1937ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சில் கல்யாணம் நடந்தது. 1972ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் சாகும்வரை எட்வர்டு அந்த அம்மாளுடனேயே வாழ்ந்தார்.

தம்பியின் மகள்தான் எலிசபெத் ராணி. அவருக்கும் அட்வைசால் ஒரு சங்கடம் வந்தது. 2019ஆம் ஆண்டில், பார்லிமெண்டை ஐந்து வாரம் மூடி வைக்கும்படி பிரதமர் போரிஸ் ஜான்சன் ராணிக்கு அட்வைஸ் செய்தார். ராணி வழக்கப்படி ஏற்றுக்கொண்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. செப்டம்பர் 24ஆம் தேதி இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த அட்வைஸ் சட்டவிரோதம் என்றார்கள். ராணியை யாரும் குறை சொல்லவில்லை. அட்வைஸ் சொன்னவர் தலையில்தான் பொறுப்பு. இந்த ஏற்பாட்டின் லாபமும் அதுதான்.

ராஷ்டிரபதி மாளிகையில்

அதே சொல் கப்பல் ஏறி இந்தியாவுக்கும் வந்தது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 74வது பிரிவில், ஜனாதிபதிக்கு உதவியும் “அட்வைசும்” தர மந்திரிசபை இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

அந்த அட்வைசை ஜனாதிபதி கேட்டே ஆக வேண்டுமா? அன்று அப்படி எழுதப்படவில்லை. இங்கிலாந்து வழக்கம் தெரிந்தவர்கள், கேட்கத்தான் வேண்டும் என்றார்கள். முதல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத்துக்கு அதில் சந்தேகம் இருந்தது. 1960ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி டில்லியில் சட்ட ஆய்வு நிலையக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவில், இந்தக் கேள்வியை ஆராய வேண்டும் என்று பகிரங்கமாகவே பேசினார். பெரிய சர்ச்சை கிளம்பியது.

1976ஆம் ஆண்டில், நெருக்கடி நிலைக் காலத்தில், 42வது திருத்தம் வந்தது. அட்வைசின்படியே ஜனாதிபதி நடக்க வேண்டும் என்று கறாராக எழுதிவிட்டார்கள். 1978ஆம் ஆண்டில் வந்த 44வது திருத்தம் ஒரு சிறு ஜன்னலைத் திறந்தது. ஒரு முறை மட்டும், மறுபடி யோசியுங்கள் என்று ஜனாதிபதி திருப்பி அனுப்பலாம். மறுபடி அதையே அனுப்பினால் ஏற்க வேண்டும்.

அந்த ஜன்னலை நன்றாகப் பயன்படுத்தியவர் கே.ஆர்.நாராயணன். 1997ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், உத்தரப்பிரதேச மாநில ஆட்சியைக் கலைக்கும்படி மத்திய மந்திரிசபை அட்வைஸ் செய்தது. அவர் திருப்பி அனுப்பினார். மந்திரிசபை மறுபடி யோசித்து அதைக் கைவிட்டது. ஒரு மாநில அரசு பிழைத்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்தச் சொல் ஒரு முறை கை கொடுத்தது. 1991ஆம் ஆண்டு ஜூன் மாதம், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விடும்படி காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதைச் செல்லாமல் செய்ய கர்நாடக அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஜனாதிபதி இதுபற்றிச் சுப்ரீம் கோர்ட்டின் யோசனையைக் கேட்டார். இதற்கு ஆங்கிலத்தில் “அட்வைசரி” அதிகாரம் என்று பெயர். நவம்பர் 22ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அந்த அவசரச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று யோசனை சொன்னது. டிசம்பர் மாதம் நடுவர் மன்ற உத்தரவு அரசிதழில் வெளியாயிற்று.

கோபித்துக்கொண்டு போன வாஷிங்டன்

அமெரிக்காவில் ராஜா கிடையாது. ஆனாலும் அட்வைஸ் உண்டு. ஜனாதிபதி வெளியாரோடு உடன்படிக்கை செய்ய வேண்டும் என்றால், செனட் சபையின் “அட்வைசும் சம்மதமும்” வேண்டும் என்று அவர்கள் 1787ஆம் ஆண்டில் சட்டம் எழுதினார்கள்.

முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் இதை அப்படியே நம்பினார். 1789ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் தேதி, தாமே நேராகச் செனட் சபைக்குப் போய் உட்கார்ந்தார். தெற்கே இருந்த செவ்விந்தியக் கூட்டத்தாரோடு செய்யும் உடன்படிக்கை பற்றி அட்வைஸ் கேட்டார். வெளியே வண்டிச் சத்தம். படித்தது யார் காதிலும் சரியாக விழவில்லை. ஜனாதிபதியை எதிரே வைத்துக்கொண்டு விவாதிக்க உறுப்பினர்களுக்குக் கூச்சம். “பிறகு பார்க்கலாம், கமிட்டிக்கு விடலாம்” என்றார்கள். வாஷிங்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. திங்கட்கிழமை மறுபடி வந்து காரியத்தை முடித்துக்கொண்டார். அதன் பிறகு அட்வைஸ் கேட்க அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. பின்னால் வந்த ஜனாதிபதிகளும் பெரும்பாலும் சம்மதத்தை மட்டும் கேட்டார்கள். அட்வைஸ் ஏட்டில் நின்றது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு

இப்போது அந்தப் பென்ஷன் கடிதத்துக்கு வருவோம். அதில் இருந்த அட்வைஸ் எந்த வகை?

அது நம் ஆபீஸ் ஆங்கிலம். வெள்ளைக்காரர் காலத்துக் கச்சேரிகளில் வளர்ந்த நடை. “செய்” என்று எழுதினால் மரியாதைக் குறைவாகத் தோன்றும். ஆகவே “செய்யும்படி அட்வைஸ் செய்யப்படுகிறீர்கள்” என்று எழுதுவார்கள். மரியாதைச் சால்வை போர்த்திய கட்டளை அது. சால்வையைப் பார்த்து ஏமாந்தால் நஷ்டம் வாசிப்பவருக்குத்தான். எழுதுகிறவர்கள் “கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்கும்” என்று ஒரு வரி சேர்த்தால் தாத்தா அதைக் கம்பியில் குத்தியிருக்க மாட்டார்.

தமிழிலும் அதே சால்வை வந்துவிட்டது. வானிலை அறிவிப்பின் கடைசி வரியைக் கேளுங்கள். “மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறார்கள்” என்று முடியும். ஆங்கில அட்வைசின் நேர் மொழிபெயர்ப்பு. துறைமுகத்தில் ஏற்றுகிறார்களே புயல் கூண்டு, அதில் 1 முதல் 11 வரை எண் உண்டு. எண்ணைப் பார்த்தால் ஆபத்தின் அளவு தெரியும். “அறிவுறுத்தல்” என்ற சொல்லில் எந்த அளவும் தெரிவதில்லை. லேசான காற்றுக்கும் அதே சொல். பெரும் புயலுக்கும் அதே சொல். ராமேசுவரம் போன்ற இடங்களில் அந்த வரி வந்ததும் மீன்துறை, விசைப்படகுகளுக்கு டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. அப்போதுதான் அது புத்திமதி அல்ல, தடை என்று ஆகிறது.

டோக்கனை நிறுத்தினால் கரையில் இருப்பவர்கள் போகமாட்டார்கள். ஏற்கெனவே போனவர்கள்? 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியபோது, பல படகுகள் நாட்கணக்கில் ஆழ்கடலில் இருந்தன. கரையில் யார் யாரை எப்படி அறிவுறுத்தினாலும் அந்தச் சொல் அவ்வளவு தூரம் எட்டவில்லை. பலர் திரும்பி வரவே இல்லை. அதன் பிறகுதான், செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளைப் பற்றிப் பலமாகப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பழைய “அட்வைஸ் போட்” செய்த வேலையை இப்போது வானத்தில் சுற்றும் யந்திரம் செய்ய வேண்டியிருக்கிறது.

தாத்தாவின் விஷயம் அவ்வளவு பெரியது அல்ல. சான்று கொடுத்தால் நின்ற பென்ஷன் பாக்கியோடு திரும்ப வரும். அதற்காகப் பாங்கியில் வரிசையில் நிற்கவும் வேண்டாம். 2014ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் விரல் ரேகை வைத்து, கம்ப்யூட்டர் மூலமாகவே சான்று கொடுக்கலாம் என்று ஏற்பாடு வந்தது. 2021ஆம் ஆண்டு முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே கொடுக்கும் வசதியும் வந்துவிட்டது. அதற்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரன் போதும்.